'அவுங்க' என்று ஒரு முகவரி

லால்பேட்டை ஃபர்ஹீன் தன் கணவனின் பெயரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட மகனை விட்டுச் சொல்ல வைப்பாள். சிதம்பரத்தில் எங்கள் டிராவல்ஸ் ஆபீசில் எனக்குப் பக்கத்து நாற்காலி அவளுக்கு. ஊரில் பாதிப் பேருடைய பாஸ்போர்ட் பெயர் அவளுக்கு மனப்பாடம். மஸ்கட்டில் இருக்கும் கணவன் மட்டும் அவள் கம்ப்யூட்டரிலும் 'அவுங்க'தான்.

எங்களுக்குக் கடலூரில் இன்னொரு கிளை உண்டு. அதைப் பார்த்துக்கொள்கிறவர் தைலம்மாள் அக்கா. அவர் கணவர் அன்பரசுவுக்குச் செம்மங்குப்பத்துக் கம்பெனி ஒன்றில் வேலை. ஓவர்டைம் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

எந்தக் கிளையிலிருந்து மெயில் போனாலும் டிராவல்ஸ் பெயரில்தான் போகும். இரண்டு கிளைகளின் மெயிலுக்கும் முகவரிப் பட்டியல் ஒன்றே இருக்கட்டும் என்று முதலாளி சுஹைப் பாய் எல்லாவற்றையும் சேர்த்தார். ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்றாக்கலாமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. பாய் சரி என்று தட்டிவிட்டார். தைலம்மாள் அக்காவும் தன் கணவரை 'அவுங்க' என்றே போட்டு வைத்திருந்தது யாருக்குத் தெரியும்?

அந்த வாரம் ஃபர்ஹீனுக்கு முகமே சரியில்லை. மஸ்கட் ஒப்பந்தம் முடிகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடப் போகிறேன் என்று கணவர் சொல்லியிருந்தார். வேண்டாம் என்று போனில் சொல்லலாமென்றால் மாமியார், நாத்தனார், பிள்ளை என்று வீடே கூடிவிடும். மதியம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல், ஆபீஸ் மெயிலிலேயே எழுதி 'அவுங்க'ளுக்கு அனுப்பிவிட்டாள்.

"என்னங்க, சம்பாதிச்சது போதும். நீங்க இல்லாம சோறு எறங்கல. வந்துடுங்க."

மறுநாள் கடலூரிலிருந்து போன்.

"ஃபர்ஹீனு, எங்க வூட்டுக்காரரு வேலைக்கி லீவு போட்டுட்டு மல்லிப்பூவோட ஆபீசுக்கே வந்து நிக்கிறாரு. திருவந்திபுரம் கோயிலுக்குப் போவலாம், கெளம்புன்றாரு. நான் மெயில் எழுதுனனாம். நான் ஒண்ணும் எழுதலயேம்மா."

ஃபர்ஹீன் தான் அனுப்பியதைத் திறந்து பார்த்தாள். 'அவுங்க'ளுக்குள் இரண்டு முகவரி இருந்தது. முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பாவமாகவும் இருந்தது.

சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து பதில் வந்தது, ஃபர்ஹீனுக்கும் அன்பரசுவுக்கும் பொதுவாக.

"இதுல வேற யாரு அட்ரசோ இருக்கே. யாருக்கு எழுதுனது இது?"

கோபத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள். என்ன எழுதுவது என்று நாங்கள் யோசிப்பதற்குள் அன்பரசு முந்திக்கொண்டார்.

"தம்பி, எம் பொண்டாட்டி எழுதலயாம். அப்ப உங்களுக்குத்தான் வந்திருக்கு. ஆனா எனக்குன்னு நெனச்சு நான் லீவு போட்டு அவளக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். அவ இப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு. பேசாம கெளம்பி வாங்க."

கொஞ்ச நேரம் கழித்து மஸ்கட்டிலிருந்து ஒரே வார்த்தை வந்தது. "சரிண்ணே."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை கேட்டிருக்கிறேன். பாய் பிடித்த குரங்கு பிள்ளையாராகிவிட்டது.

அடுத்த மாதமே ஃபர்ஹீனின் கணவர் வந்து சேர்ந்தார். இனி பட்டியலில் எல்லோருக்கும் முழுப் பெயர் போட வேண்டும் என்று பாய் உத்தரவு போட்டார். ஃபர்ஹீன் பெயரைப் போடவில்லை, அந்த முகவரியையே அழித்துவிட்டாள்.

"ஏண்டி, இப்பவாவது பேரப் போடக் கூடாதா?" என்றேன்.

"எதுக்குக்கா? அவுங்களுக்கு மெயில் அனுப்ப இனி என்ன வேல இருக்கு? வூட்ல மீன் கழுவிக்கிட்டு இருக்காங்க."