வாறன் என்று சொல்லாத வீடு

அந்தப் பேச்சு கஜந்தினிக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன், தத்தெடுத்த பிள்ளைகள் இரண்டும் இணுவில் வீட்டுக்கு வந்து பத்தாம் நாள். அம்மா அருந்ததி சந்தைப் பையோடு வாசலில் நின்று, "போட்டு வாறன்" என்று விடைபெற்றார். ஐந்து வயதுக் கிருஷாந் நிலத்தில் விழுந்து கத்தத் தொடங்கினான்.

அம்மா பையை வைத்துவிட்டு, அவனுடைய அக்கா நிவேதனாவிடம் கேட்டார்.

"ஏன் பிள்ளை அழுகிறான்?"

நிவேதனாவுக்கு அப்போது எட்டு வயது. சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பதில் சொன்னாள். "எங்கடை அம்மாவும் உப்பிடித்தான் சொன்னவா."

"என்னெண்டு?"

"போட்டு வாறன் எண்டு."

"பிறகு?"

"வரேல்லை."

அம்மா அவனைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "அப்ப நான் என்ன சொல்லிப்போட்டுப் போக?" என்றார்.

"எத்தினை மணிக்கு வருவியள் எண்டு சொல்லுங்கோ அன்ரி. அது காணும் அவனுக்கு, அழமாட்டான்."

"ஒன்பதரைக்கு," என்றார் அம்மா. ஒன்பது இருபதுக்கே திரும்பி வந்து படலையைத் திறந்தார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் போட்டு வாறன் என்று சொல்வதில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை ஏறியது. வெளியே போகிறவர் தன் பெயரையும் திரும்பும் நேரத்தையும் அதில் எழுத வேண்டும். கிளிநொச்சியில் வேலை செய்யும் அப்பா கோபிசங்கர் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வந்து போகும்போதுகூட, "வெள்ளி 7.15" என்று எழுதிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை உதைப்பார்.

"என்னடி அருந்ததி, பஸ் ஸ்ராண்டே நடத்திறாய்?" என்று பக்கத்து வீட்டு வசந்தினி மாமி ஒருநாள் சிரித்தார். "உள்ளுக்கு வாறதெண்டா ரிக்கற் எடுக்கவேணுமோ?"

"வாறாக்களுக்கு ஒண்டுமில்லை. போறாக்களுக்குத்தான்," என்றார் அம்மா.

அருந்ததி பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர். ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கப் போய், அக்காவையும் தம்பியையும் பிரிக்க மனமில்லாமல் இரண்டோடு வந்தவர். சொந்தமாய் ஒருத்தி இருக்க ஏன் இந்த வேலை என்று கேட்பவர்களுக்கு, "வீட்டிலை இடம் கிடந்தது" என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொன்னதில்லை.

அந்த இடம் சனிக்கிழமைகளில் காணாமல் போய்விடும். போன மாதத்து ஒரு சனியன்றும் அப்படித்தான். ஆறரைக்கே கஜந்தினிக்குக் கணித ரியூசன். அவளுக்குப் பதினாறு வயது, சாதாரண தரப் பரீட்சை வருகிறது. எட்டுக்கு நிவேதனாவின் புலமைப்பரிசில் வகுப்பு. ஒன்பதுக்குக் கிருஷாந்தின் கராத்தே. அவனுடைய வெள்ளைக் காற்சட்டை ஒரு கால் ஈரமாய்க் கொடியில் தொங்கியது. அம்மா ஒரு கையால் அயன் பெட்டி பிடித்து அதை மினுக்கி, மறு கையால் புட்டைக் குழைத்து, ஸ்கூட்டியில் ஏறி இறங்கி, ஒவ்வொரு தடவையும் பலகையில் எழுதி அழித்தார். மத்தியானத்துக்குள் பலகை மை படிந்து சாம்பல் நிறமாகிவிட்டது.

ஞாயிறு சும்மா கிடக்கும் என்று நினைத்தார்கள். விடியவே சாவகச்சேரியிலிருந்து செய்தி வந்தது. அம்மாவோடு வேலை செய்யும் தயாளினியின் மாமியார் செத்துப்போனார். "அம்மா 4.00" என்று எழுதிவிட்டு அம்மா பஸ் எடுத்தார்.

மூன்றே காலுக்கு அம்மாவின் ஃபோன் வந்தது. "கஜி, பிரேதம் இன்னும் எடுக்கேல்லை. கனடாவிலை இருக்கிற பேத்தி வீடியோவிலை பாக்கவேணுமாம், அங்கை இப்பதானாம் விடியுது. அஞ்சுக்கு முதல் வரமாட்டன். அவனிட்டைச் சொல்லு."

கஜந்தினி சொல்லவில்லை. இரண்டு வருடத்தில் அம்மா ஒருநாள்கூடப் பிந்தியதில்லை. பிந்தினால் அவன் என்ன ஆவான் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் தைரியமில்லை. கிருஷாந் முற்றத்தில் பந்தடித்துக்கொண்டிருந்தான். அவள் கதிரையில் ஏறி, சுவர் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளினாள்.

இறங்கும்போது நிவேதனா நின்றாள். "அக்கா, உது பிழை நேரம்."

"பேசாமல் இரு."

கிருஷாந் உள்ளே வந்து மணிக்கூட்டுக்குக் கீழே குந்தினான். முள் நாலை நெருங்கும்போது கோயில் மணி கேட்டது. அவன் நிமிர்ந்தான். "பெரியக்கா, பின்னேரப் பூசை மணியெல்லோ அடிக்குது?"

"இண்டைக்கு வெள்ளன வைச்சிட்டினம்."

"ஐயருக்கு ரியூசன் போல," என்றாள் நிவேதனா.

அவன் சிரிக்கவில்லை. கஜந்தினியின் முகத்தைப் பார்த்தான். எழும்பிப் போய்ப் படலையில் நின்றுகொண்டான். கஜந்தினி கொப்பியைத் திறந்தாள், மூடினாள், தண்ணீர் குடித்தாள், வாசலுக்கும் குசினிக்கும் நடந்தாள்.

மணிக்கூட்டில் நாலு பத்துக்கு அம்மா வந்தார். கிருஷாந் ஓடினான்.

"தொடாதை! செத்தவீட்டாலை வந்தனான். முழுகிப்போட்டு வாறன்."

வாறன் என்ற சொல் வாய் தவறி வந்துவிட்டது.

"எத்தினை மணிக்கு?" என்றான் கிருஷாந்.

"பத்து நிமிசத்திலையடா."

"ஓம். பிந்தக் கூடாது."

அம்மா கதவுக்குள்ளால் மணிக்கூட்டைப் பார்த்தார், தன் கையிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார், பிறகு கஜந்தினியை. "கஜி, அதைச் சரியாய்த் திருப்பிவிடு." அவனிடம் திரும்பினார். "நான் ஒரு மணித்தியாலம் பிந்திப்போனன் ராசா. மணிக்கூடு பொய்."

"தெரியும். கோயில் மணி கேட்டது."

"அப்ப ஏன் அழேல்லை?"

அவன் யோசித்தான். "பெரியக்காதான் அழப்போற மாதிரி நிண்டவா."

நிவேதனா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். கஜந்தினி கதிரையில் ஏறி முள்ளைத் திருப்பினாள். ஐந்தரைக்கு விஞ்ஞான வகுப்பு. பலகையில் "கஜி 7.30" என்று எழுதி, சைக்கிளை உருட்டிக்கொண்டு படலைக்கு வந்தாள்.

அம்மா கிணற்றடியிலிருந்து ஈரத்தலையோடு பின்னால் வந்தார். ஏச்சு வாங்கத்தான் வேண்டும் என்று அவள் நின்றாள். அம்மா வீட்டுப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"செத்தவீட்டாலைதான் எங்கடை சனம் போட்டு வாறன் எண்டு சொல்லாமல் வெளிக்கிடுறது. இண்டைக்கும் அங்கையிருந்து அப்பிடித்தான் வந்தனான். வரேக்கை பஸ்ஸிலை இருந்து யோசிச்சன், ரெண்டு வருசமா இந்த வீட்டாலையும் அப்பிடித்தானே எல்லாரும் போறம். நேரம் எழுதிறதை எழுது. ஆனா நீ எண்டாலும், இந்தப் படலையடியிலை வைச்சு, அவனுக்குக் கேளாமல், எனக்கு மட்டும் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போ பிள்ளை."