பக்கத்து வீட்டில் விசாரித்து எடுத்த நாடு

என் தம்பி ஹரிபாபு எதையும் அவசரப்பட்டுச் செய்தவன் இல்லை. அவன் ஒன்பதாவது படிக்கும்போது சைக்கிள் வாங்கித் தருகிறேன் என்று நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னார். எந்த சைக்கிள் நல்லது என்று புத்தூரில் சைக்கிள் வைத்திருந்த எல்லோரையும் கேட்டு முடிப்பதற்குள் பத்தாவது பரீட்சையே வந்துவிட்டது. ஆனால் அப்படி வாங்கிய சைக்கிள் இன்றைக்கும் ஓடுகிறது. நான்தான் ஓட்டுகிறேன்.

நான் எட்டாவதோடு நின்று தையலுக்கு வந்தவள். அவன் சித்தூரில் என்ஜினீயரிங் முடித்தான். எங்கள் வகையறாவில் அவன்தான் முதல். கூடப் படித்தவர்கள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குக் கிளம்பினார்கள். இவன் போகவில்லை.

"அங்க சம்பாதிக்கிறதை அங்கியே வாடகைக்குக் குடுத்துடறாங்க அக்கா. செலவு கம்மியான நாடா பாத்து நிதானமா போலாம்" என்றான். சொன்னதில் தப்பே இல்லை. நிதானம்தான் கொஞ்சம் கூடிப்போனது.

அவனுக்குச் சத்தியவேடு பக்கம் ஷோபாவைப் பார்த்தோம். எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டில் எதையும் விசாரிக்க மாட்டார்கள். வீட்டுக்காரன் தன்னைப் பற்றி நல்லதாகத்தானே சொல்வான்? அதனால் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, பக்கத்து வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டு, அப்படியே பேச்சுக் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்களுக்குப் பக்கத்து வீடு என்றால் செங்கல்வராயன் மாமா வீடு ஒன்றுதான். இன்னொரு பக்கம் மாந்தோப்பு. ஷோபாவின் நைனாவிடம் மாமா சொன்னது இது: "பையன் தங்கம். ஊரை விட்டு நகரவே மாட்டான்."

ஒரே பெண் கூப்பிடு தூரத்திலேயே இருப்பாள் என்று அவருக்குப் பரம சந்தோஷம். ஷோபாவுக்கோ வெளியூர், வெளிநாடு பார்க்கவேண்டும் என்று உயிர். கல்யாணமான முதல் மாதமே "நாம வெளிநாடு போறோம்" என்று தம்பி சொன்னதை நம்பி, திருப்பதிக்குப் போய்ச் சக்கரம் வைத்த பெரிய சிவப்புப் பெட்டி ஒன்று வாங்கிவந்தாள்.

அது பதினோரு வருஷத்துக்கு முன்னால். ஒவ்வொரு பொங்கலுக்கும் தம்பி ஒரு நாட்டைச் சொல்வான், உகாதிக்குள் அதில் ஒரு குறை கண்டுபிடித்துவிடுவான். பெட்டிக்குள் போர்வைகள் குடியேறின. அவர்கள் மகள் ஹர்ஷினி அதற்குள் ஒளிந்து விளையாடி, பிறகு கால் கொள்ளாமல் அந்த விளையாட்டையே விட்டுவிட்டாள்.

இந்த வருஷம்தான் விஷயம் சூடானது. தம்பி வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறான். இரண்டு வருஷம் எந்த நாட்டிலிருந்து வேண்டுமானாலும் வேலை செய்யலாம், சம்பளம் இதேதான், ஆனி முடிவதற்குள் பதில் சொல்லவேண்டும் என்று கம்பெனி சொன்னது. நம்மூர்ச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிற மாதிரி நாடு வேண்டும்.

ஷோபா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "இந்த தபா போகலைன்னா பெட்டியை என் தம்பிக்குக் குடுத்துடுவேன் அண்ணி. இனிமே வெளிநாடுன்னு யாரும் என்கிட்ட வாயைத் திறக்கக்கூடாது." கோபமாகச் சொல்லியிருந்தால் பயந்திருக்க மாட்டேன். போர்வையை மடித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

தம்பி கம்ப்யூட்டரில் ஒவ்வொரு நாடாகப் படித்தான். ஷோபா எட்டிப்பார்த்தாள்.

"இதெல்லாம் அந்தந்த நாட்டுக்காரன் எழுதினதுதானே? மாப்பிள்ளை வீட்ல போய் மாப்பிள்ளையைப் பத்திக் கேக்கற மாதிரி கீது. பக்கத்து நாட்டுக்காரனைக் கேளுங்க."

தம்பிக்கு இது பிடித்துப்போனது. கம்பெனியில் பல நாட்டுக்காரர்கள் கூட வேலை செய்கிறார்கள். வியட்நாமைப் பற்றித் தாய்லாந்துக்காரரைக் கேட்டான். "நல்ல நாடு. ஆனா எங்க மாமா வீட்டு மாடி காலியா இருக்கே" என்றாராம். போர்ச்சுகலைப் பற்றி ஸ்பெயின்காரரைக் கேட்டால், ஸ்பெயினில் தன் ஊர் எவ்வளவு மலிவு என்று ஒரு மணி நேரம் பேசினாராம்.

"விசாரிக்கப் போன இடத்துல தன் அக்கா பையனுக்கே பொண்ணு கேக்கறாங்க அக்கா" என்று தம்பி சலித்துக்கொண்டான். ஆனி பாதி போய்விட்டது.

பெருமாளிடமே விட்டுவிடலாம் என்று திருமலைக்குப் போனோம். தரிசன வரிசையில் எங்களை அடைத்துவைத்த கூடத்தில், பக்கத்தில் ஒரு சிங்கப்பூர்க் குடும்பம் உட்கார்ந்திருந்தது. கதவு திறக்கும்வரை அவர்களாலும் எழுந்து போகமுடியாது. தம்பி நெருங்கி உட்கார்ந்துகொண்டான்.

"சார், மலேசியா எப்படி?"

"மலேசியாவா? சனிக்கிழமை ஆனா நாங்க அங்கதான். காய்கறி, முடிவெட்டு, பல் டாக்டர், எல்லாத்துக்கும் பாலம் தாண்டிப் போயிடுவோம்."

தம்பி என் பக்கம் திரும்பினான். முகத்தில் அப்படி ஓர் ஒளியை அந்த சைக்கிள் வாங்கிய நாளுக்குப் பிறகு நான் பார்த்ததில்லை. "பக்கத்து வீட்டுக்காரனே வாராவாரம் போய்த் துன்ற வீடு அக்கா! இதுக்கு மேல இன்னா விசாரணை?"

நாடு முடிவானது. ஈப்போ என்ற ஊரில் வாடகை கட்டுப்படியாகும் என்று தெரிந்து, மணியம்மா என்கிற வீட்டுக்கார அம்மாவைப் பிடித்தான். நம் தமிழ்க்காரர்தான், பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடியோவில் வீட்டைச் சுற்றிக் காட்டினார். எல்லாம் பிடித்திருந்தது. கடைசியில் அவர் சொன்னார்:

"வாடகையெல்லாம் அப்புறம் பேசலாம் தம்பி. உங்க பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க? நான் அவங்ககிட்ட பேசணும். பேசும்போது உங்க வீடு பின்னால தெரியணும்."

தம்பி முகம் செத்துவிட்டது.

செங்கல்வராயன் மாமாவும் நாங்களும் பேசி நான்கு வருஷம். எங்கள் தென்னை மரம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். காய் விழுந்து அவர் மாட்டுக்கொட்டகை ஷீட்டில் ஓட்டை போட்டது. காயைக் கொடுங்கள் என்று நாங்கள், ஷீட்டுக்குப் பதில் சொல்லுங்கள் என்று அவர்.

"ஸ்டேஷன் எதிர்ல கீற நம்ம சிநேகிதன் சின்னப்பனைப் பக்கத்து வீடுன்னு சொல்லச் சொன்னா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான்.

"சின்னப்பன் பின்னால ரயில்வே ஸ்டேஷன் தெரியும்" என்றாள் ஷோபா. "வாணாம். அந்தம்மாவாவது நிஜத்தைக் கேட்டுக்கினு வீட்டை வுடட்டும்."

நான்தான் போனேன்.

"மாமா, தம்பியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும்."

"எத்தினி வார்த்தை வேணும்? நாலு வருஷமா சேத்து வச்சிருக்கேன்."

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கொட்டகையில் தயாராக உட்கார்ந்திருந்தார். பின்னால் எங்கள் வீடு தெரிந்தது. தலைக்கு மேலே ஓட்டையும் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் வைக்கோல் போருக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

"பையன் எப்படிங்க ஐயா?" என்றது போன்.

"இந்த ஓட்டையைப் பாத்தியாம்மா? அவன் மரம் போட்டது. மரத்தைக் கயிறு போட்டுக் கட்டறியா, வெட்டறியாடான்னு கேட்டேன். யோசிச்சு சொல்றேன்னான். நாலு வருஷமா யோசிச்சிக்கினு கீறான்!"

"குடி, கூச்சல் ஏதாவது..."

"அதுக்கெல்லாம் எழுந்து போவணுமே! குடி இல்ல, சீட்டு இல்ல. வெளிநாடு போறேன், போறேன்னு பதினோரு வருஷம். உக்காந்தா உக்காந்த இடம்தான். நல்லா கேட்டுக்கோ. அவன் ஊரை விட்டு நகரவே மாட்டான்."

ஷோபா கண்ணை மூடிக்கொண்டாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் நைனாவிடம் சொன்ன அதே வார்த்தை.

"நிஜமாவாங்க ஐயா?"

"உள்ள வுட்டுப் பாரு. அப்பறம் நீ கெளப்பவே முடியாது!"

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "ஐயா, போன வருஷம் குடிவந்தவன் மூணு மாசத்துல சாவியோட ஓடிட்டான். அதுக்கு முன்னால வந்தவங்க சொல்லாமலே காலி பண்ணிட்டாங்க. நகராத ஆளைத்தான் நான் தேடிக்கிட்டு இருக்கேன். வரச் சொல்லுங்க!"

மாமா போனைத் தலைகீழாகப் பிடித்தபடி எங்களைப் பார்த்தார். நல்லது செய்துவிட்டோமா, கெட்டது செய்துவிட்டோமா என்று அவருக்கே விளங்கவில்லை.

ஷோபா அன்றைக்கே பெட்டியைக் காலி செய்தாள். போர்வைகள் அடுத்த தெருவிலிருக்கும் என் வீட்டுக்கு வந்தன. கிளம்புகிற காலையில் தம்பி கார் கதவைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் ஒரு தபா அந்த..." என்று ஆரம்பித்தான்.

"ஏறுங்க" என்றாள் ஷோபா. ஏறினான்.

கார் நகரும்போது மாமா வேலியோரம் ஓடிவந்தார். "டேய் பாபு, மரம்?"

தம்பி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். "யோசிச்சு சொல்றேன் மாமா!"

இப்போது காய் விழுந்தால் மாமா ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றை எனக்குக் கொடுத்தனுப்புகிறார். போன வாரம் மணியம்மா பேசினார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறதாம். எந்தக் குழாய் நல்லது என்று தம்பி அந்தத் தெருவில் வீடு வீடாக விசாரித்துக்கொண்டிருக்கிறானாம். கொஞ்ச நாள் ஆகும். ஆனால் நல்ல குழாயாகத்தான் எடுப்பான்.