இருபதில் நின்றுவிட்ட பட்டை

மூன்று வருஷத்துக்கு முன்பு, ஐப்பசி மாதம். பெரம்பலூரில் ஒரு தனியார் பால் நிறுவனத்தில், கம்ப்யூட்டரில் விவரம் ஏற்றும் வேலை எனக்கு. பன்னிரண்டாம் வகுப்பு வரைதான் படிப்பு. எக்செல் மட்டும் ஆசைப்பட்டு நானாகக் கற்றுக்கொண்டேன்.

அந்த மழையில் அரியலூர்ப் பக்கம் மாடுகளுக்கு அம்மை பரவியது. எங்களிடம் மாட்டு டாக்டர் வண்டி ஒன்றுதான். எந்த ஊருக்கு முதலில் அனுப்புவது? அதற்காக, நோயில் கிடக்கும் மாடுகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு ஊரிலும் வீட்டுவாரியாகத் தினமும் போனில் கேட்டு ஏற்றுவேன். எக்செல்லில் உள்ள பைவட் டேபிள் என்ற அட்டவணை அன்றைய கணக்கை ஊர்வாரியாகக் கூட்டிக் கொடுக்கும். அதிலிருந்து எல்லாவற்றையும் ஒரே திரையில் படமாகக் காட்டும் ஒரு டேஷ்போர்டு செய்தேன். வட்டாரத்தின் பெயரை அழுத்தினால் அந்த ஊர்களின் பட்டைகள் வந்து நிற்கும். பிள்ளைகளே, நீங்கள் கணக்கு நோட்டில் போடும் அதே பட்டை வரைபடம்தான்.

மேலாளர் ஒரு குறை சொன்னார்.

"என்னய்யா, அமுக்க அமுக்க அளவு மாறுது? அஞ்சு மாடும் பன்னெண்டு மாடும் ஒரே உசரத்துல தெரியுது!"

ஒவ்வொரு வட்டாரத்துக்கும் படம் தன் உச்ச அளவைத் தானே மாற்றிக்கொண்டிருந்தது. அப்போது எந்த ஊரும் பன்னிரண்டைத் தாண்டவில்லை. அதனால் படத்தின் உச்ச அளவை இருபது என்று நிறுத்தி வைத்தேன். பட்டை மேல் எண் இருந்தால் அடைசலாகத் தெரிகிறது என்று அதையும் எடுத்துவிட்டேன். பார்க்க அழகாக இருந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். நான் அதை மறந்தே போனேன்.

பத்து நாள் கழித்து, செந்துறைப் பக்கத்து ஊரிலிருந்து எங்களுக்குப் பால் ஊற்றும் ஒரு அக்கா போன் செய்தார்.

"தம்பி, வண்டி எப்ப வரும்? இங்க வூட்டுக்கு வூடு மாடு படுத்துக் கெடக்குது. என் மாடு ரெண்டு நாளா தண்ணி குடிக்கல."

படத்தைப் பார்த்தேன். நாலு ஊர்ப் பட்டைகள் ஒரே உயரத்தில் நின்றன.

"எல்லா ஊர்லயும் அதே அளவுதாங்க்கா. கம்ப்யூட்டர்லயே தெரியுது. கிட்ட இருக்கிற ஊரை முடிச்சிட்டு வந்துருவாங்க."

"ஒங்க கம்ப்யூட்டரு என் கொட்டாய்க்கு வந்து பாத்துச்சா தம்பி?"

எனக்குக் கோபம்தான் வந்தது. போனை வைத்துவிட்டேன்.

நாலாம் நாள் அவர் மாடு செத்துவிட்டது என்று சேதி வந்தது. அப்புறம்தான் பின்னால் இருந்த அட்டவணையைத் திறந்து பார்த்தேன். மற்ற மூன்று ஊர்களிலும் இருபதை ஒட்டித்தான் இருந்தது. அந்த ஊருக்கு நேராக நாற்பத்தேழு. படத்தில் இருபதுக்கு மேல் இருந்ததெல்லாம் வெட்டுப்பட்டுப் போயிருந்தது. வண்டியை உடனே அனுப்பச் சொன்னேன். முன்னமே ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் பஸ் ஏறி அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். வேறு வீட்டுப் பாலைச் செத்த மாட்டின் கன்றுக்குப் புட்டியில் புகட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். புட்டியைக் கன்றின் வாயிலிருந்து எடுக்காமலே அக்கா கேட்டார்.

"அந்த நாப்பத்தேழுல என் மாடும் இருந்துச்சா?"

"இருந்துச்சுங்க்கா."

"அப்ப எல்லாம் எழுதித்தான் இருந்திருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இப்போது எந்தப் படத்துக்கும் நான் உச்ச அளவைக் கையால் போடுவதில்லை. பட்டைக்கு மேல் எண்ணும் இருக்கும். யாராவது போனில் "எங்க ஊர்ல அதிகம்" என்று சொன்னால், படத்தை விட்டுவிட்டு அட்டவணையைத்தான் முதலில் திறக்கிறேன். இருந்தும், புட்டியை முட்டி முட்டிக் குடித்த அந்தக் கன்று என் மனசை விட்டுப் போகவில்லை.