நம்பிக்கை இல்லம்மா

நான் கிறிஸ்தவத்தை விட்ட செய்தி, உயிரை விடப் போகிறேன் என்றுதான் என் அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்தது. இதில் அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நான் எடுத்த சொல் அப்படி.

எங்கள் சபைத் தமிழ் ஒரு தனித் தமிழ். கடவுளை நம்புவதற்கு அங்கே விசுவாசம் என்று பெயர். காய்ச்சல் குணமாகும், மகளுக்கு வரன் அமையும், நாளைக்கு விடியும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பதுதான் நம்பிக்கை. விசுவாசம் இல்லாதவன் சபையை விட்டுப் போவான். நம்பிக்கை இல்லாதவன் உலகத்தை விட்டே போவான். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்கு வருஷக்கணக்காகப் பாடம் எடுத்த எனக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. ஆனால் காளவாசலில் கடை போட்ட பிறகு கடைத்தெருத் தமிழ் ஒட்டிக்கொண்டது. அங்கே எல்லோரும் சாமி நம்பிக்கை என்றுதான் சொல்வார்கள். விசுவாசம் நாய்க்கு இருப்பது.

கடையில் நான் விற்பது தண்ணீர் மோட்டார். அம்மா ஆற்றுக்கு வடக்கே, கோரிப்பாளையம் தாண்டி, அப்பா கட்டிய வீட்டில் தனியாக இருக்கிறாள். அப்பா இறந்து சில வருஷம் ஆகிறது. அம்மா அதை இறந்தார் என்று சொல்லமாட்டாள். "முன்னாடி போயிட்டாரு" என்பாள், பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடியவரைச் சொல்வதுபோல. "நம்ம எல்லாருக்கும் சேத்து அங்க துண்டு போட்டு வச்சிருப்பாரு" என்றும் சொல்வாள். அப்பா உயிரோடு இருந்தபோது மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கூட்டத்துக்குள் புகுந்து, ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து முழு சீட்டையும் பிடித்துவிடுவார். எனவே பரலோகத்திலும் அவர் அதைச் செய்துகொண்டிருப்பார் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

எனக்கு நல்ல குரல் வாகு. அதனால் என் ஜெபத்துக்குச் சபையில் நல்ல கிராக்கி இருந்தது. புது வண்டி வாங்கினாலும், பிள்ளை பரீட்சைக்குப் போனாலும், ஆஸ்பத்திரியில் யாரையாவது படுக்கவைத்தாலும், "சுருக்கமா ஒரு ஜெபம் பண்ணிருங்களேன்" என்று கூப்பிடுவார்கள். சுருக்கமாகப் பண்ணினால் முகம் சுருங்கும். நான் ஒருபோதும் சுருக்கமாகப் பண்ணியதில்லை.

கெட்டது அங்கிருந்துதான் ஆரம்பித்தது. சபைக்காரர் ஒருவர் திருவாதவூர் பக்கம் தன் நிலத்தில் போர் போடுவதற்கு முன்னால் என்னை ஜெபம் பண்ணக் கூப்பிட்டார். பண்ணினேன். நல்ல தண்ணீர் வந்தது. அவர் என்னிடமே மோட்டார் வாங்கி, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று, என் ஜெபத்தால்தான் தண்ணீர் வந்தது என்று சாட்சியும் சொன்னார். அன்று முதல் நிலம் வைத்திருந்த சபைக்காரர்கள் எல்லோரும் போர் லாரியோடு என்னையும் சேர்த்தே கூப்பிட ஆரம்பித்தார்கள். தண்ணீர் வந்தால்தான் மோட்டார் விற்கும் என்பதால் என் ஜெபத்தில் உருக்கம் குறையவே இல்லை.

போகப்போக ஒரு விஷயம் கண்ணில் பட்டது. அக்கம்பக்கத்து நிலங்களுக்கு நீரோட்டம் பார்க்கிற ஒருவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்துக்கொண்டு நடப்பார். அடியில் தண்ணீர் இருந்தால் தேங்காய் எழுந்து நிற்கும். அவர் சொன்ன இடத்தில் சிலருக்குத் தண்ணீர் வந்தது, சிலருக்குப் புழுதி வந்தது. நான் ஜெபம் பண்ணின இடத்திலும் அப்படித்தான். ஒரு தடவை நான் கண்ணீர் விட்டு ஜெபித்த இடத்தில் லாரிக்காரர் குழாயை இறக்க இறக்க வெறும் பாறைத் தூள்தான் பறந்தது. வரப்புக்கு அந்தப் பக்கம் ஒருவர் நல்ல போதையில் இங்கன போடுங்கப்பா என்று காலால் தேய்த்துக் காட்டிய இடத்தில் குபுகுபுவென்று அடித்தது. ஆண்டவருடைய சித்தம் என்றேன் நான். கீழே பாறை அடைச்சிருச்சு என்பாராம் தேங்காய்க்காரர் இந்த மாதிரி நேரத்தில். வராவிட்டால் சொல்வதற்கு இரண்டு பேரிடமும் பதில் தயாராக இருந்தது. நாங்கள் ஒரே தொழில்தான் செய்துகொண்டிருந்தோம். அவருக்காவது கடைசியில் தேங்காய் மிஞ்சும்.

அதற்குப் பிறகு பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஜெபம் பண்ணும்போது யாரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு கேள்வி நடுவில் வந்து நிற்க ஆரம்பித்தது. கொஞ்ச நாள் பயமாக இருந்தது. சொன்னால் சிரிப்பீர்கள், தலைவலி வந்தால்கூடத் தண்டனையோ என்று பார்த்தேன். அப்புறம் பயம் போய், அந்த இடத்தில் ஒரு நிம்மதி வந்து உட்கார்ந்துகொண்டது. தண்ணீர் வருவதும் வராததும் என் கையிலும் இல்லை, யார் கையிலும் இல்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

முதலில் மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"அப்ப இனிமே சர்ச்சுக்கு வரமாட்டீங்களா?"

"வரல."

"அப்பன்னா ஞாயித்துக்கிழம வெள்ளனமே போயிக் கறி எடுத்துட்டு வந்துருங்க. சர்ச்சு முடிஞ்சு போனா கொழுப்பும் சவ்வுமாத்தான் போடுறான்."

இதனால் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா வீட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம். இலை போட்டு, குழம்பு ஊற்றி, அம்மா எப்போதும்போல என்னைப் பார்த்தாள்.

"ஜெபம் பண்ணுப்பா."

"நீ பண்ணும்மா."

"ஏம்ப்பா, தொண்ட சரியில்லையா?"

"எனக்கு நம்பிக்கை இல்லம்மா."

அம்மாவின் கை கரண்டியோடு நின்றது. "என்னப்பா சொல்ற?"

"கொஞ்ச நாளாவே இல்லம்மா. நல்லா யோசிச்சுப் பாத்துட்டேன். முடிஞ்சு போச்சு. இப்ப நிம்மதியாத்தான் இருக்கேன். நீ ஒண்ணும் வருத்தப்படாத."

அம்மா தானே கண்ணை மூடி இரண்டு வாக்கியத்தில் ஜெபத்தை முடித்துவிட்டு, எலும்பில்லாத கறித் துண்டாகப் பார்த்துப் பார்த்து என் இலையில் வைத்தாள். இந்த வயதில் எவ்வளவு பக்குவமாக எடுத்துக்கொண்டாள் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனைவியிடம் பெருமையடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் கடையில் பக்கத்து பைப் கடைக்காரர் டீ குடிக்கக் கூப்பிட்டார். உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், எனக்கு மூத்தவர், என்னை மாப்ள என்றுதான் கூப்பிடுவார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டீ. மத்தியானத்துக்குள் எனக்கு வயிறு எரிந்தது. குடோனுக்குப் போனால் பின்னாலேயே வந்தார். கடைசியில் என் தோளில் கையைப் போட்டார்.

"மாப்ள, கடன் கிடன் இருந்தா எங்கிட்டச் சொல்லு. வேற எதுனாலும் சொல்லு. நம்ம பாக்காத கஷ்டமா?"

அவர் கண் கலங்கியிருந்தது. மனிதருக்கு ஏதோ பெரிய சங்கடம், நேரடியாகச் சொல்லக் கூச்சப்படுகிறார் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"அண்ணே, எதுவா இருந்தாலும் நான் இருக்கேண்ணே" என்றேன்.

"நீ இருக்கணும் மாப்ள. அதத்தான் சொல்றேன்" என்றார்.

இப்படியே கொஞ்ச நேரம் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு நின்றோம். அம்மா அவருக்குக் காலையிலேயே போன் பண்ணியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மா பையோடு வந்து உட்கார்ந்திருந்தாள். மூட்டுவலியாம், கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறாளாம். சொந்த வீட்டில் படி கிடையாது. நாங்கள் இருப்பது மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வீட்டில் சாமான்கள் காணாமல் போக ஆரம்பித்தன. முதலில் சவர பிளேடு. அப்புறம் கரப்பான் மருந்து. அப்புறம் பால்கனியில் கட்டியிருந்த கொடிக்கயிறு. துணியெல்லாம் நாற்காலிமேல் காய்ந்தது. நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று, "குளிச்சிட்டியாப்பா? தண்ணி ஊத்துற சத்தமே கேக்கல?" என்பாள். வயசாகிவிட்டது, பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே ஐயர் வந்தார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். பூணூலுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. என் விஷயம் பேசத்தான் வந்திருக்கிறார் என்று தெரிந்ததால் நான் தயாராக உட்கார்ந்தேன். அம்மா அடுப்படிக் கதவோரம் நின்றாள்.

"எவ்வளவு பெரிய கஷ்டம் வந்தாலும் தம்பி, அவசரப்பட்டு ஒரு முடிவெடுக்கக் கூடாது" என்றார் ஐயர்.

"அவசரப்படலங்கய்யா. ரொம்ப நாள் யோசிச்சுத்தான் முடிவு பண்ணேன்."

"குடும்பத்த நெனச்சுப் பாத்தீங்களா?"

"வீட்டுல சொல்லிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல."

ஐயர் என் மனைவியை ஒரு மாதிரி பார்த்தார். நான் அவருக்கு மனக்கஷ்டம் கொடுக்க விரும்பவில்லை. அதனால் பணிவாகவே சொன்னேன்.

"யாரையும் சங்கடப்படுத்தாம, சத்தமில்லாமப் போயிரலாம்னுதான் இருக்கேன்."

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. ஐயர் எழுந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பிடி வலித்தது. என் மனைவிதான் முன்னால் வந்தாள்.

"ஏங்க, நீங்க எங்க போறதாச் சொல்றீங்க?"

"சர்ச்ச விட்டுத்தான். வேற எங்க போறேன்?"

"சர்ச்ச விட்டா?" என்றார் ஐயர். அவர் முகத்தில் வந்த நிம்மதியை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒரு போதகர் இதற்கு நிம்மதியடையக் கூடாது என்று அவருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நம்பிக்கை இல்லன்னு சொன்னியேடா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. டீ, மூட்டுவலி, கயிறு எல்லாம்.

"விசுவாசம் இல்லம்மா. விசுவாசத்தத்தான் அப்படிச் சொன்னேன்."

"விசுவாசமா?"

"ஆமாம்மா."

"அம்புட்டுத்தானா?" என்றாள் அம்மா. அப்படியே தரையில் உட்கார்ந்து, அழுகையும் சிரிப்புமாக என்னைத் திட்ட ஆரம்பித்தாள். எடுவட்ட பயலே, தமிழ் ஒழுங்காப் பேசத் தெரியாதா, இதுக்கா உன்னைப் படிக்கவச்சோம். பிறகு எழுந்துபோய் அரிசி டிரம்முக்குள் கையை விட்டுக் கொடிக்கயிற்றை எடுத்து என் மடியில் போட்டாள். ஐயர் காபி குடித்தார். கிளம்பும்போது பழக்கதோஷத்தில், "முடிவு ஜெபம் தம்பியே" என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, தானே பண்ணிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் நான் பால்கனியில் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். அம்மா ஈரத்துணி வாளியோடு பக்கத்தில் நின்றாள். வீட்டுக்குத் திரும்பிப் போகிற பை வாசலில் தயாராக இருந்தது. முகம் நேற்றைய முகமாக இல்லை. தூங்கவில்லை என்று தெரிந்தது.

"விசுவாசம் இல்லன்னா, செத்ததுக்கு அப்புறம் என்னன்னு நெனைக்கிற?"

"ஒண்ணும் இல்லம்மா."

"ஒண்ணுமேயா?"

"ஆமா."

அம்மா என் சட்டை ஒன்றை எடுத்து உதறினாள். உதறிவிட்டுக் கொடியில் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"அப்பா ஒனக்கும் சேத்துத் துண்டு போட்டு வச்சிருப்பாரேடா."

போர் வறண்டால் சொல்வதற்கு எத்தனையோ பதில் வைத்திருந்தவன் நான். இதற்கு ஒன்றுகூட இல்லை. கடவுள் இல்லாமல் நான் இருந்துவிடுவேன் என்று யோசித்திருந்தேன். அங்கே நான் இல்லாமல் அம்மா எப்படி இருப்பாள் என்று யோசிக்கவே இல்லை. அந்த இடமே இல்லை என்று நான் நினைப்பதால் அவள் பயம் ஒரு துளியும் குறையப்போவதில்லை. அவளுக்கு அது இருக்கிறது. அதில் ஒரு சீட்டு காலியாக இருக்கிறது.

"அங்கிட்டுள்ளது எனக்குத் தெரியலம்மா" என்றேன். "இங்கன பாத்துக்குவோம்."

அம்மா சட்டையைக் கொடியில் போட்டு இரண்டு பக்கமும் இழுத்துவிட்டாள்.

"அங்க பாக்க முடியாதுன்னா, வாரத்துக்கு ஒருக்க வந்து சோறு தின்னுட்டுப் போனா எப்படிடா பத்தும்?"

அன்று முதல் தினமும் போகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையை பைப் கடை அண்ணனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினால், கோரிப்பாளையத்தில் நெரிசலில் நிற்காமல் போக முடியாது. எரிச்சலாகத்தான் வருகிறது. போனால் இட்லியோ தோசையோ இருக்கும். அம்மா ஜெபம் பண்ணுவாள். ஆமென் சொல்லும்வரை நான் தட்டில் கை வைக்காமல் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முன்பெல்லாம் நானும் கண்ணை மூடிக்கொள்வதால் அவள் முகத்தை அந்த நேரத்தில் பார்த்ததே இல்லை.

சாப்பிட்டதும் கிளம்புவேன். ஒருநாள் அவசரத்தில், "நான் போறேம்மா" என்று செருப்பைப் போட்டேன்.

"போறேன்னு சொல்லாத" என்று வாசல்வரை வந்தாள். "வாரேன்னு சொல்லு."

"வாரேம்மா" என்றேன்.