ஒலி முடியும் இடம்

மகள் என்ன வேலை செய்கிறாள் என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இப்போது நின்று சொல்கிறேன். கம்பியைச் சுண்டினால் எழுவது போன்ற ஒலிகளை அவள் செய்கிறாள். அங்கே கம்பி கிடையாது, மரம் கிடையாது, சுண்டும் விரலும் கிடையாது. எல்லாம் கணினிக்குள் நடக்கிறது. சென்னையில் ஒரு சின்ன நிறுவனம் அவள் செய்யும் ஒலிகளைத் தொகுத்து, எங்கெங்கோ கணினியில் பாட்டு அமைக்கிறவர்களுக்குக் கொடுக்கிறது. இந்த வகை ஒலிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ப்ளக்.

உத்திரமேரூரிலிருந்து உள்ளே தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருக்கிறது எங்கள் தெரு. நான் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். கணவர் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறார். எங்கள் பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண், பள்ளியில் கொடுத்த இலவச மடிக்கணினியில் தொடங்கி இந்த வேலைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது எனக்கே பாதிதான் புரியும். ஒருநாள் நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது அவளாகவே விளக்கினாள்.

"மொதல்ல ஒரு கரகரன்னு சத்தம் எடுத்துக்குவேம்மா, மோட்டார் ஓடுற மாதிரி. அதுக்கு முன்னாடி ஒரு கதவு வெப்பேன். ஃபில்டர்னு பேரு. தொட்ட ஒடனே கதவு தொறக்கணும், ஒடனே சாத்திக்கணும். சாத்துற வேகத்துலதான் எல்லாம் கீது. சீக்கிரம் சாத்தினா மரத்தத் தட்டினா மாதிரி. மெதுவா சாத்தினா மணி மாதிரி. நடுவுல ஒரு எடத்துல நிறுத்தினா கம்பி."

"கம்பியே இல்லியேடி."

"அதான் வேல."

போன ஆனி மாதத்தில் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டே வந்து, "ம்மா, வலது காதுல பஞ்சு வெச்சு அடைச்சா மாதிரி கீது" என்றாள்.

"தண்ணி பூந்திருக்கும். தலைய சாய்ச்சுக் குதி."

குதித்தாள். பிறகு கைபேசியை எடுத்து வலது காதில் வைத்தாள், இடதுக்கு மாற்றினாள், மறுபடி வலதில் வைத்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் என் கையிலிருந்த கரண்டி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. ஒரு காது கேட்கவே இல்லை. கேட்காததோடு, உள்ளே உய்ங்ங் என்று ஒரு சத்தம் நிற்காமல் ஓடுகிறது என்றாள்.

பக்கத்து வீட்டில் இருக்கும் என் நாத்தனார் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கரண்டியோடு கொண்டுவந்துவிட்டார். "ரெண்டு சொட்டு வுட்டா சரியாப் பூடும். எங்கூட்ல எல்லாருக்கும் இதான்." மகள் காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, "அத்தை, கிட்ட வராத" என்று கத்தினாள். அந்தக் கத்தலுக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். கணவர் வண்டியில் ஏற்றியிருந்த உர மூட்டைகளைத் தெருவிலேயே இறக்கிவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் புறப்பட்டார்.

காது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எண்ணெய் எதுவும் ஊத்தலையே?" இல்லை என்றோம். "அன்னைக்கே வந்ததும் நல்லதாப் போச்சு" என்றார். கண்ணாடி வைத்த சின்ன அறையில் அவளை உட்காரவைத்துச் சோதித்தார்கள். பிறகு மாத்திரை எழுதிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்: "திடீர்னு இப்படி ஆகும். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்குப் பாதி வரும், சிலருக்கு வராது. இப்ப சொல்ல முடியாது. ஹெட்போன் தொடக் கூடாது. பெரிய சத்தம் பக்கத்துல கூடாது."

"ஹெட்போனாலதான் ஆச்சா சார்?" என்று கணவர் கேட்டார்.

"காரணம் பல நேரத்துல தெரியாதுங்க. அதைத் தேடிக்கிட்டு இருக்க வேணாம்."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். வீட்டுக்கு வரும் வழியில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

ஆனால் அவளுக்கு ஒரு தொகுப்பு முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. முழுக்க ப்ளக் ஒலிகள். அதுதான் அவளை நம்பி அவர்கள் தனியாகக் கொடுத்த முதல் வேலை. நிறுவனத்தார் உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள், அவகாசமும் தந்தார்கள். அவள்தான் விடவில்லை. நான்கு நாள் படுத்திருந்துவிட்டு எழுந்து, மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கியில் மெல்லிய சத்தத்தில் வைத்து, இடது காதால் கேட்டுப் பார்த்தாள். சிறிது நேரத்தில் மூடி வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"ஆரம்பம் கேக்குதும்மா. முடியறதுதான் தெரியல. வால் தேஞ்சு போற எடத்துல இந்த உய்ங் வந்து மேல ஏறிக்கிது. எங்க நிக்குதுன்னே தெரியல எனக்கு."

சுண்டிய ஒலிக்கு முடிவுதான் உயிர் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. காது திரும்பாவிட்டால் இந்தப் பெண் என்ன செய்வாள் என்று பயந்தேன்.

"எனக்குத் தெரியுதே" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்படித்தான் நான் அந்த வேலைக்குப் போனேன்.

வழி அவள் கண்டுபிடித்ததுதான். என் உள்ளங்கையை விரித்து வைத்திருக்க வேண்டும். அவள் ஒரு விசையைத் தட்டுவாள். ஒலி எழுந்து தேய்ந்து, எனக்குக் கேட்பது நின்றதும் கையை மூட வேண்டும். அவள் என் கையைப் பார்த்துக்கொண்டே கதவின் வேகத்தைக் கூட்டுவாள், குறைப்பாள். அங்கன்வாடி விட்டு வந்ததும் மாலை வெளிச்சம் இருக்கும்வரை இதுதான். மின்விசிறியை நிறுத்திவிடுவோம். வியர்வை வழிய உட்கார்ந்திருப்போம்.

முதலில் நான் எல்லாவற்றுக்கும் "நல்லா கீது" என்றேன். சீக்கிரம் முடித்துவிட்டு அவள் படுக்கட்டும் என்ற எண்ணம்.

"இதுக்கும் முன்னாடி போட்டதுக்கும் இன்னா வித்தியாசம்?" என்றாள்.

"இது... கொஞ்சம் இனிமையா கீது."

"ரெண்டும் ஒண்ணுதாம்மா. டீச்சரே காப்பி அடிச்சா எப்பிடி?"

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கேட்டேன். எனக்கு அவளுடைய சொற்கள் தெரியாது, என் சொற்களில்தான் சொன்னேன். இது சத்துமாவு டப்பா மூடியைத் திறப்பது போல இருக்கிறது. இது ஈரத் தரையில் நாணயம் விழுவது போல. ஒருமுறை, "கீழ்ச் சத்தமும் மேல் சத்தமும் ஒரே நேரத்துல வாய மூடுது, நான் மொறைச்சா எங்க பசங்க மூடுற மாதிரி" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். தடித்த கம்பி அதிக நேரம் அதிரும், மெல்லியது சட்டென்று அடங்கும், அதைச் செய்ய மறந்துவிட்டேன் என்று சொல்லித் திருத்தினாள். காது போன பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது.

அதற்குள் ஆடி வந்துவிட்டது. எங்கள் தெரு அம்மனுக்குக் கூழ் வார்க்கும் திருவிழா. மைக் செட்காரர் வந்து எங்கள் வீட்டுக்கு எதிர்க் கம்பத்தில் ஏணி சாய்த்துக் குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார். குழாய் யார் வீட்டைப் பார்த்திருக்கிறதோ அவர்களுக்கு அது பெருமை. ஒவ்வொரு வருஷமும் எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் கட்டுவார்.

"தம்பி, அத ஏரிப் பக்கம் திருப்பிக் கட்ட முடியுமா?" என்றேன்.

"ஏரியில யாரு டீச்சரக்கா கீறாங்க கேக்கறதுக்கு? மீனா?"

ஏணியைப் பிடித்திருந்த இளைஞர்கள், "கெண்டைக்குக் குத்துப்பாட்டுன்னா உசுரு யக்கா!" என்று சிரித்தார்கள்.

விஷயத்தைச் சொன்னேன். மைக் செட்காரர் ஏணி மேலேயே நின்றபடி, "எந்தக் காது?" என்றார்.

"வலது."

"எனக்கு எடது. எப்பவோ பூட்சு. நம்பள எவன் டாக்டராண்ட இட்டுக்கினு போனான்?" என்று சொல்லிவிட்டு, கட்டிய கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் நாத்தனார் என்னைப் பிடித்துக்கொண்டார். சுற்றிலும் பெண்கள் குடத்தோடு நின்றார்கள். "இன்னா அண்ணி, ஆத்தா பாட்டு ஏரிக்குப் போவுது? உன் பொண்ணு காதுக்காவ ஆத்தா வாய மூடிக்கினு இருக்கணுமா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அந்தக் கேள்வியைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு இருந்தது. குழாயைத் திருப்பலாம், பம்பையைத் திருப்ப முடியாது. திருவிழா நாளில் கரகம் வீடு வீடாக வரும். ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். கரகம் எடுப்பவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிச் சூடம் காட்டுவோம். அவ்வளவு நேரமும் பம்பையும் உடுக்கையும் வாசற்படியிலேயே முழங்கும். கோயிலில் புறப்பட்டுத் திரும்பி வரும்வரை அடியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஆத்தா கரகத்தை விட்டு இறங்கிப் போய்விடுவாள் என்று பயம். கரகத்தை எங்கள் வாசலுக்கு வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நோயாளி இருக்கும் வீட்டுக்கு அது வராமல் போவதா? வந்தாலோ அந்தக் காது என்னவாகும்?

காவாந்தண்டலத்தில் இருக்கும் நண்பர் வீட்டில் அன்றைக்கு மட்டும் மகளை விட்டு வருகிறேன் என்றார் கணவர். அவள் மாட்டேன் என்றுவிட்டாள். "ஓடி ஒளியறதுக்கு நான் இன்னா பண்ணேன்?"

அன்று சாயங்காலம் அவளை உள் அறையில் உட்காரவைத்து, காதில் பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் தலையணை கொடுத்துக் கதவைச் சாத்தினேன். வாசலில் மஞ்சள் தண்ணீரோடு நின்றேன். பம்பைச் சத்தம் தெரு முனையில் திரும்பியது. நாத்தனாரின் கணவர்தான் கரகம் எடுப்பவர். வேப்பிலையும் பூவும் மூடிய கரகம் அவர் தலையில் அசைந்து வந்தது. எங்களுக்கு நான்கு வீடு முன்னால், கூட்டத்தின் முன்னால் வந்துகொண்டிருந்த நாத்தனார் திரும்பிக் கையைத் தூக்கினார்.

பம்பை நின்றது. உடுக்கையும் நின்றது.

கரகம் எடுத்தவரின் கால் சலங்கை மட்டும் மண்ணில் சலக், சலக் என்று வந்தது. என் வாசலில் வந்து நின்றது. தண்ணீர் ஊற்றினேன். சூடம் காட்டினேன். எதுவும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. பின்னால் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மகள் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்து நின்றாள். அத்தை அவள் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். கரகம் நகர்ந்தது. அடுத்த நான்கு வீடு தாண்டிய பிறகுதான் பம்பை மறுபடி எழுந்தது.

யாரோ ஒரு கிழவர், "நட்ட நடுவுல நிறுத்திட்டீங்களே" என்று முணுமுணுத்தார். நாத்தனார் தெருவே கேட்கும்படி சொன்னார்: "ஏன், பம்பை அடிச்சாத்தான் ஆத்தாளுக்கு வூடு அடையாளம் தெரியுமா? அவ இன்னா செவிடா?" சொன்னதும் என் மகளைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். என் மகள் சிரித்துவிட்டாள். நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன்.

உள்ளே வந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள். "ம்மா, சலங்க ரெண்டு பக்கமும் கேட்டுது."

"வலதுலயுமா?"

"உம். தகரத்துல மணலக் கொட்டினா மாதிரி. கேவலமா கீது." பிறகு, "ஆனா கேக்குது" என்றாள்.

இது ஆத்தா செய்தது என்று நாத்தனார் சொல்கிறார். மாத்திரை செய்தது என்று கணவர் சொல்கிறார். நான் இருவரிடமும் ஆமாம் என்கிறேன். அடுத்த முறை போனபோது மருத்துவர் சோதித்துவிட்டு, கீழ்ச் சத்தங்கள் பெரும்பாலும் வந்துவிட்டன, உச்சியில் இருப்பவை வரவில்லை, இனி வருவது சந்தேகம் என்றார். "இவ்வளவு வந்ததே நல்ல விஷயம்." திரும்பும் வழியெல்லாம் மகள் ஜன்னல் பக்கம் முகம் திருப்பி உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு மடிக்கணினியைத் திறந்தாள்.

"கைய நீட்டும்மா" என்றாள்.

உய்ங் சத்தம் குறைந்திருந்தாலும் போகவில்லை. ஒலியின் தொடக்கத்தில் நகம் படுவது போல் ஒரு துளி இரைச்சல் சேர்ப்பாள். அது உச்சியில் இருப்பது. அதை இனி இடது காதுதான் அளக்க வேண்டும். வால் முடிவதை என் கை சொல்லும். இப்படித்தான் தொகுப்பை முடித்து அனுப்பினாள். ஏற்றுக்கொண்டு, அடுத்ததையும் அவளையே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் சில சாயங்காலங்களில் கூப்பிடுகிறாள். கையை நீட்டிக்கொண்டு போய் உட்காருகிறேன்.

பயம் இன்னும் விடவில்லை. காலையில் அவள் தலை வாரிக்கொண்டிருக்கும்போது வலப்பக்கமாகப் போய், மெல்லிய குரலில், "டீ போடட்டுமா?" என்று கேட்பேன்.

"கேக்குதும்மா. டெஸ்ட் பண்ணாத."

சரி என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவேன். மறுநாளும் கேட்பேன்.