பன்னிரண்டு வோல்ட் காட்டிய வயர்

மழைக்கால ஞாயிறு ஒன்றில், லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்சந்தில் எங்கள் டீசல் வேன் நின்றுபோனது. அதற்கு முந்தைய மூன்று வாரம் அது என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னால்தான் அன்றைக்கு நடந்தது புரியும்.

சிங்கப்பூரின் கிழக்கே, பிடோக்கில் ஒரு சின்ன இடம் எடுத்து இட்லி, தோசை மாவு அரைக்கிறேன். விடியும்போது வாளிகளை ஏற்றிக்கொண்டு லிட்டில் இந்தியாவில் ஏழெட்டுக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வேனை ஓட்டுவது நான். என் கணவர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டச் சொன்னால் மாட்டார். “நீ பைலட், நான் லோடிங்” என்று பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார்.

வேனுக்குப் பதினெட்டு வயது. எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. பெட்ரோல் எஞ்சின் போல டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது, சூடுதான் வேண்டும். குளிர்ந்து கிடக்கும் எஞ்சினுக்கு முதல் சூட்டைக் கொடுப்பது க்ளோ ப்ளக் என்ற விரல் நீளக் கம்பி. எங்கள் வேனில் நான்கு உண்டு. சாவியைத் திருப்பினால் சுருள் வடிவில் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது அணைந்ததும் ஸ்டார்ட் செய்ய வேண்டும். சிங்கப்பூர் வெயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று என் தம்பிகூடக் கேட்டிருக்கிறான். ஒரு பழைய எஞ்சினை விடிய விடிய மழை பெய்த காலையில் கிளப்பிப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

மழை தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது. விளக்கு எரியும், அணையும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும். எஞ்சின் பிடிக்காது. ஏழெட்டு முயற்சிக்குப் பிறகு இருமி இருமிப் பிடித்து, கார் நிறுத்தும் மாடி முழுக்க வெள்ளைப் புகையாக்கிவிடும். எதிர் வரிசையில் டாக்சி நிறுத்தும் சீனப் பெரியவர் புகையைக் கையால் விலக்கிக்கொண்டு, “ஆன்ட்டி, வேனுக்கு ரிட்டயர் ஆகணும்னு ஆசை போல லா” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மணிக்கு மாவு போய்ச் சேராவிட்டால் கடைக்காரர்கள் தோசைக்கல்லை என்ன செய்வார்கள்?

வொர்க்‌ஷாப்பில் நான்கு ப்ளக்கையும் மாற்றினார்கள். இரண்டு நாள் மழை இல்லை, வேனும் ஒழுங்காக இருந்தது. மூன்றாம் நாள் மழை, பழைய கதை. திரும்பப் போனால், “வேறென்ன பண்றது, வண்டிக்கு வயசாயிடுச்சு” என்றார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. கரண்ட் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கினேன். யூடியூபில் யாரோ ஒருவர் செய்துகாட்டியதைப் பார்த்து, சீட்டைத் தூக்கிவைத்துவிட்டு நான்கு ப்ளக்கையும் ஒவ்வொன்றாக அளந்தேன். நான்கும் நல்லவை. ப்ளக்குக்குக் கரண்ட் கொண்டுவரும் தடித்த வயரைக் கழற்றி, கணவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, அதன் நுனியில் மீட்டரை வைத்தேன். பன்னிரண்டு வோல்ட். ப்ளக் நல்லது, கரண்டும் வருகிறது, ஆனால் வண்டி கிளம்பவில்லை. மாவு அரைக்கிறவளுக்கு இது தேவையா என்று அன்றைக்கு மீட்டரை மூட்டை கட்டி வைத்தேன்.

அந்த ஞாயிறு எப்படியோ கிளப்பிக்கொண்டு வந்து மாவு இறக்கிவிட்டோம். பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாலு மணி நேரம். கடையிலேயே பசியாறி, தேக்கா சந்தையில் மீனும் காய்கறியும் வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்கு வந்து சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, சுற்றுகிறது, அவ்வளவுதான்.

“அக்கா, நிறுத்துங்க! பேட்டரி படுத்துரும்.”

கடையின் பின்வாசலில் டீயோடு ஒதுங்கி நின்றிருந்த ஒருவர் மழைத் தூறலில் நடந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். பட்டுக்கோட்டைப் பக்கத்துக்காரர், மேற்கே கப்பல் பட்டறையில் எலெக்ட்ரீஷியன், அங்கேயே தொழிலாளர் டார்மிட்டரியில் தங்கியிருக்கிறார். வாரத்தில் ஒரு நாள் விடுப்புக்கு லிட்டில் இந்தியா வந்திருக்கிறார். நான் மூன்று வாரக் கதையை ஒரே மூச்சில் சொன்னேன். மீட்டர் பன்னிரண்டு காட்டியதையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

“மீட்டர் பொய் சொல்லலக்கா. அதுக்குக் கரண்ட் துளியூண்டு போதும். ஒத்தை நரம்பு ஒட்டிக்கிட்டு இருந்தாலும் பன்னெண்டு காட்டிரும். ப்ளக்குக்கு எவ்வளவு இழுக்கும் தெரியுமா? வயர் தாங்குதான்னு பாக்கணும்னா வேலை குடுத்துத்தான் பாக்கணும். ஹெட்லைட் பல்பு ஸ்பேர் இருக்கா?”

இருந்தது. நானே சீட்டைத் தூக்கிக் கொடுத்தேன். அவர் பல்பின் காலில் இரண்டு வயரைச் சுற்றினார். முதலில் பேட்டரியில் வைத்தார். கண் கூசியது. பிறகு அந்தத் தடித்த வயரை ப்ளக்கிலிருந்து கழற்றி, அதன் நுனியில் பல்பை வைத்துக்கொண்டு, “சாவியத் திருப்புங்க” என்றார். ப்ளக்குக்குக் கரண்டைத் திறந்துவிடும் ரிலே ‘டக்’ என்றது. பல்பின் உள்ளே ஊதுபத்தி நுனி அளவுக்கு ஒரு சிவப்பு. அதற்கு மேல் இல்லை.

“பாத்தீங்களா? இதுல ப்ளக்கு எங்க சூடாகும்?”

“அப்ப விளக்கு எரிஞ்சு அணையுதே?”

“அது நேரத்தைப் பாத்து அணையுது. ப்ளக்கு சூடாச்சான்னு அதுக்குத் தெரியாது.”

மூன்று வாரமாக அந்த மஞ்சள் விளக்கை நம்பி உட்கார்ந்திருந்தேன் நான்.

அவர் ரிலேயிலிருந்து வயரை விரலால் தடவிக்கொண்டே வந்தார். முன் வரிசை நடு சீட்டுக்கு நேர் கீழே ஓரிடத்தில் விரல் நின்றது. வயரின் உறையும் சுற்றியிருந்த இரும்பும் வெள்ளையாகப் பொருக்குத் தட்டிக் கிடந்தன. பேட்டரியைக் கழற்றிவிட்டு உறையைக் கீறினார். உள்ளே செம்பு இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தூள். நாலைந்து இழைகள் மட்டும் மிச்சம்.

“தண்ணி பட்டா இப்படி ஆகாதே. இது என்னக்கா, வெள்ளையா?” என்று பொருக்கைச் சுரண்டி முகர்ந்தார். என்னிடமும் நீட்டினார்.

எனக்கு முகரவே வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷமாக என் சேலையில் இருக்கிற வாடை. புளித்த மாவு.

நான் திரும்பிப் பார்த்தேன். என் கணவர் மீன் பையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“என்னங்க?”

“இல்ல… தீபாவளிக்கு முந்தின வாரம் பின்னாடி இடமில்லாம ஒரு வாளிய நடு சீட்டுல வச்சேன். நீ கடைக்குள்ள பேசிக்கிட்டு இருந்தே. சாஞ்சிருச்சு.”

“சாஞ்சிருச்சா?”

“முழுசா இல்ல. முக்காவாசி. நான் உடனே தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்ல.”

“கழுவினது எங்க போச்சு?”

அவர் எஞ்சினைப் பார்த்தார். சீட்டு இடுக்கு வழியாக மாவும் உப்பும் தண்ணீருமாக மொத்தமும் அங்கேதான் போயிருந்தது. ஒரு வாரம் வேனில் புளித்த வாடை அடித்ததும், நான் கேட்டபோது “மழை ஈரம்தான்” என்று இவர் அடித்துச் சொன்னதும் நினைவுக்கு வந்தன. கோபப்பட வாயைத் திறந்தேன். அதற்குள் எலெக்ட்ரீஷியன், “கப்பல்ல உப்புத் தண்ணி பட்டுக் கெட்டுப்போன வயரு நூறு பாத்திருக்கேன். மாவு பட்டுக் கெட்டது இதான் மொதல் தடவை” என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு கோபம் எங்கிருந்து வரும்? என் கணவரும் நிம்மதியாக மீன் பையைக் கீழே வைத்தார்.

ஞாயிறும் திறந்திருக்கும் ஒரு ஹார்டுவேர் கடையிலிருந்து தடித்த வயரும் அதன் நுனிகளில் மாட்ட இரண்டு செம்புக் காதும் வாங்கி வந்தோம். எலெக்ட்ரீஷியன் கெட்ட வயரை முழுசாகவே எடுத்துவிட்டு, புதிதை ஓரமாக, சீட்டு இடுக்கிலிருந்து விலக்கிக் கட்டினார். பல்பை வைத்தபோது சந்தே வெளிச்சமாயிற்று. சாவியைத் திருப்பினேன். அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது. புகை இல்லை. பின்வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மா ஈரக் கையோடு கை தட்டினார்.

எலெக்ட்ரீஷியனைச் சாப்பிட அழைத்தோம், சாப்பிட்டாயிற்று என்றார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டதற்குக் கொஞ்சம் யோசித்தார்.

“எங்கயாச்சும் கடல் ஓரமா ஒரு ரவுண்டு போலாமாக்கா? கிழக்குப் பக்கம் நான் வந்தது ஏர்போர்ட்டுல எறங்கின அன்னைக்குத்தான். ஆறு வருஷம் ஆச்சு.”

மூன்று பேரும் முன் சீட்டில் உட்கார்ந்து சாங்கிக் கடற்கரைக்குப் போனோம். மழை விட்டிருந்தது. தலைக்கு மேல் விமானம் தாழப் பறந்தபோதெல்லாம் என் கணவர், இது சரக்கு விமானம், இது பயணிகள் விமானம் என்று வயிற்றைப் பார்த்தே சொன்னார். கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. எலெக்ட்ரீஷியன் மனைவிக்கு வீடியோ கால் போட்டுக் கடலையும் கப்பல்களையும் காட்டினார். அந்தப் பெண்ணுக்குக் கடல் மேல் ஆர்வமில்லை.

“அந்த வேன அந்த அக்காவா ஓட்டுறாங்க? எங்க, அக்காவக் காட்டுங்க” என்றாள். நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு கையசைத்தேன். தானும் ஸ்கூட்டர் பழகுவதாகச் சொன்னாள். அவர் அதிர்ந்துபோய், “எப்பலேர்ந்து?” என்றார். “ரெண்டு மாசமா. சொன்னா வேணாம்பீங்க.”

என் கணவர் என்னைப் பார்க்கவே இல்லை.

திரும்பும்போது எலெக்ட்ரீஷியனை பிடோக் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறக்கிவிடுவதாகப் பேச்சு. நெடுஞ்சாலை ஏறுவதற்குள் நடு சீட்டில் தூங்கிப்போனார். தலை என் கணவரின் தோளில் சாய்ந்திருந்தது. கீழே எஞ்சின் இதமாகச் சுட்டுக்கொண்டு ஒரே சீராக ஓடியது. பிடோக்குக்கு இறங்கும் வெளிவழி வந்தபோது நான் வேகத்தைக் குறைத்தேன்.

“எழுப்பணுமா?” என்றேன்.

“தூங்கட்டும்” என்றார் என் கணவர், தோளை அசைக்காமல். “டார்மிட்டரி வரைக்கும் போயே விட்டுட்டு வரலாம். மீன் கெட்டா கெடட்டும்.”

நான் வெளிவழியைத் தாண்டி மேற்கே நேராக ஓட்டினேன்.