எலுமிச்சம்பழம் ஏற்றாத ஜீப்

கர்த்தரின் பிள்ளைகளே, எனக்கு ஜீப் ஓட்டத்தான் தெரியும், பேசத் தெரியாது. ஆனால் பிரேக்கை மிதித்தால் அது அமுங்கவில்லை, பின்னால் வண்டி நிறையப் பெண்கள், முன்னால் வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளம் என்றால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குக் கர்த்தர் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

நான் கரடியூர்ப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் டிரைவர். பழம் பறிக்கிற பெண்களைக் காலையில் வாழவந்தியிலிருந்து ஏற்றிக்கொண்டு போவேன், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவேன். என் மனைவி எஸ்தரும் அதில் ஒருத்தி. அந்த எஸ்டேட்டில் விசுவாசிகள் என்றால் நாங்கள் இரண்டு பேர்தான்.

நான் ஞானஸ்நானம் எடுத்த பிறகு வந்த முதல் ஆயுத பூஜை போன வருஷத்தது. எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஜீப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, நாலு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். வண்டியை ஓட்டுகிறவன்தான் அதன் மேல் ஏற்றி நசுக்க வேண்டும். வேறு யாரும் செய்யக்கூடாது. வருஷா வருஷம் நான்தான் ஏற்றினேன். போன வருஷம் வண்டியைப் பளபளவென்று கழுவிக் கொடுத்துவிட்டு, பழத்தின் மேல் மட்டும் ஏற்றமாட்டேன், ஜெபம் பண்ணிவிட்டு எடுக்கிறேன் என்று ரைட்டரிடம் சொன்னேன். கணக்கு வழக்கு, ஆள் கூலி எல்லாம் பார்க்கிறவர் அவர்தான். அவர் கோபப்பட்டுத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. நாலு பழத்தையும் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலையில் பெண்கள் ஜீப்பைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், ஏறவில்லை. கடைசியில் பாக்கியம் அக்காதான் முதலில் ஏறினார். அவர்களில் மூத்தவர், வாயும் கொஞ்சம் அதிகம். அவர் ஏறிய பிறகு மற்றவர்களும் ஏறினார்கள். ஆனால் அதற்குப் பிறகு வண்டிக்குள் பேச்சு சிரிப்பு எதுவும் இல்லை. வளைவு வந்தால் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள்.

உண்மையைச் சொல்லட்டுமா? பயம் அவர்களுக்கு மட்டும் இல்லை. எனக்குத்தான் அதிகம். ஒரு சக்கரம் பஞ்சராகிவிட்டால்கூட என் ஆண்டவர் பேர் கெட்டுப்போகுமே என்று பயம். தினமும் விடிந்ததும் பிரேக் ஆயில் பார்ப்பேன், சக்கரத்து நட்டைப் பார்ப்பேன், திரும்பவும் போய்ப் பார்ப்பேன். எஸ்தர் ஒரு நாள் கேட்டே விட்டாள், "ஏனுங்க, நீங்க ஆண்டவரை நம்பறீங்களா, ஸ்பேனரை நம்பறீங்களா?" என்று. ரெண்டையும்தான் என்றேன். வேறென்ன சொல்ல?

மார்கழி. நல்ல பறிப்புக் காலம். அன்று சாயங்காலம் மேகம் தரையோடு இறங்கியிருந்தது. வாழவந்திக்கு இறங்குகிற சரிவில் பிரேக்கை மிதித்தேன். பாதி கூட இறங்கவில்லை. கல்லை மிதித்த மாதிரி இருந்தது. மறுபடி மிதித்தேன். அதேதான். குனிந்து பார்க்க நேரமில்லை. கியரை இழுத்துக் குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கைத் தூக்கினேன். கொஞ்சம் திணறியதே தவிர வண்டி நிற்கவில்லை. பின்னால் ஒரு பெண் அலறினாள். எஸ்தர் குரல் அதுவா என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இயேசப்பா, இவர்களைக் காப்பாற்றும், இயேசப்பா, இவர்களைக் காப்பாற்றும். அது ஒன்றுதான் வாயில் வந்தது.

அந்த வளைவுக்கு முன்னால் மழையில் சரிந்த மண் குவியலாகக் கிடந்தது. அதை இன்னும் அள்ளவில்லையே என்று நான் திட்டாத நாள் கிடையாது. மேகத்துக்குள் அந்த மண் கண்ணில் பட்டது. ஸ்டியரிங்கை அதன் பக்கம் ஒடித்தேன். முன்சக்கரம் ரெண்டும் மண்ணுக்குள் புதைந்து வண்டி நின்றது. ஒருத்திக்கு நெற்றியில் சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை. இறங்கிச் சக்கரத்தோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். எஸ்தர் வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

பூஜை போடாத வண்டி, அதனால்தான் இப்படி என்று பெண்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். நான் எழுந்து பெடலுக்கு அடியில் கையை விட்டேன். கறுப்புத் துணியில் கட்டிய ஒரு பொட்டலம் அகப்பட்டது. உள்ளே படிகாரக் கட்டி. கண் படாமல் இருக்க வாசலில் கட்டுவார்களே, அதுதான். யாரோ என் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிறார்கள். அது சரிவில் உருண்டு வந்து பெடலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நிமிர்ந்தேன். பாக்கியம் அக்கா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

புரிந்துவிட்டது. காட்டினால் நான் தப்பித்தேன். பூஜை போடாததால் இல்லை, கண் படாமல் இருக்க இதை வைத்ததால்தான் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அந்த நடுக்கத்தில் நிற்கிறவர்கள் பாக்கியம் அக்காவை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பார்கள். பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அன்றைக்கே ரைட்டர் சாவியை வாங்கிக்கொண்டார். சேலத்திலிருந்து முதலாளி வந்து முடிவு செய்வார் என்றார். வேலை போனால் நாங்கள் இருக்கிற எஸ்டேட் வீடும் போகும். எஸ்தர் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இதைக் காட்டிவிடலாமே என்றாள். காட்டமாட்டேன் என்று நான் வீராப்பாகச் சொல்லவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன். ரெண்டு பேரும் முழங்கால் போட்டோம். ஆண்டவரே, உண்மை தெரிய வேண்டும் என்றால் நீரே தெரியப்படுத்தும், இல்லையென்றால் என் வாயை மட்டும் மூடி வையும் என்று ஜெபித்தேன். முதலாளி வருகிற வரைக்கும் சோறு இறங்கவில்லை.

அவர் வந்தார். காப்பிக் களத்தில் எல்லோரும் நின்றோம். என்னப்பா நடந்தது என்று கேட்டார். பெடல் அமுங்கலைங்க ஐயா என்றேன். ஏன் என்றார். நான் தரையைப் பார்த்தேன். இத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன்.

அப்போது பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. பாக்கியம் அக்கா.

"ஏனுங்க, பெடலுக்கு அடியில மாட்டுன படிகாரத்தை நான்தானுங்க சீட்டுக்கு அடியில வெச்சேன். இந்தத் தம்பி பழம் ஏத்தலையே, இதுக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு நொம்பப் பயமா இருந்துச்சுங்க. நல்லதுக்குன்னுதான் வெச்சேன். தம்பி அதை எடுத்துப் பையில போட்டதை என் கண்ணால பாத்தேனுங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை சொல்லலைங்க. எனக்குச் சோறு இறங்கலைங்க."

அவருக்கும் சோறு இறங்கவில்லை. அதைக் கேட்டதும் நான் அழுதுவிட்டேன். பாக்கியம் அக்காவை யாரும் ஒன்றும் சொல்லக்கூடாது என்றார் முதலாளி. ரைட்டரைப் பார்த்து, சாவியைக் கொடு என்றார்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு யாரும் என் கையில் பழம் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனேன். பாக்கியம் அக்கா என் தோளைத் தட்டினார். "தம்பி, உங்க சாமிகிட்ட எங்களுக்கும் சேத்துச் சொல்லிப்போட்டு எடுங்க." அன்றிலிருந்து தினமும் சத்தமாக ஜெபம் பண்ணிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறேன். அவர் இன்னும் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்தான். ஆனால் ஜெபத்தின்போது யாராவது பேசினால் அவர்தான் அதட்டுகிறார்.

என் பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இன்றைக்குக் காலையிலும் பிரேக் ஆயில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். உங்கள் வேலையிடத்திலும் நீங்கள் ஒருவராக மட்டும் நின்று நடுங்கிக்கொண்டிருக்கலாம். நடுக்கம் நிற்கட்டும், அப்புறம் நம்பலாம் என்று காத்திருக்காதீர்கள். நடுங்கிக்கொண்டே கூப்பிடுங்கள், அவர் வருவார். நான் திட்டிக்கொண்டிருந்த மண்ணை அந்த வளைவில் எனக்கு முன்பே போட்டு வைத்திருந்தவர் அவர்.